பெயரை நம்பி என்டர் தட்டாதீர்கள்: கமாண்ட் லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமாண்ட் லைனுக்குப் புதிதாக வருபவர்களின் பின்னால் நின்று திரையைப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. நாங்கள் விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். எழுத்துப் பிழை, விட்டுப்போன இடைவெளி, தவறான ஃபோல்டரில் நின்றுகொண்டு அழிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை சூடு பட்டால் அவை போய்விடும். பெயரால் வரும் தவறுகள்தான் போவதில்லை. பெயர் வாயில் பழகிவிட்டால் கருவியும் கைக்குப் பழகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

## பெயருக்குள் அர்த்தம் தேடுவது

கட்டளைகளின் இந்தப் பெயர்களில் பல, 1970களில், யூனிக்ஸ் சிஸ்டம் உருவான பெல் ஆய்வகத்தில் வைத்தவை. அங்கே இருந்த டெலிடைப் நொடிக்கு 10 எழுத்துகள்தான் அச்சடிக்கும், விசைகளை அழுத்தவும் விரலில் வலு வேண்டும். நீளமான பெயர் வைக்க யாருக்கு மனம் வரும்? காப்பி ‘சிபி’ ஆனது, மூவ் ‘எம்வி’ ஆனது. கோப்பு முழுக்கத் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடு என்று ‘எட்’ எடிட்டரில் கொடுக்கும் கட்டளையின் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘கிரெப்’. 1977இல் ‘ஆக்’ மொழியை உருவாக்கிய ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்துவிட்டார்கள். மெயில் வந்தால் அறிவிக்கும் ‘பிஃப்’, பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாயின் பெயர்.

கேட்க நன்றாக இருக்கும், நானும் வகுப்பில் சொல்வேன். ஆனால் இவற்றைத் தெரிந்துகொண்டால் கருவி தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை ‘பிங்’. இன்டர்வியூவில் அதன் விரிவாக்கம் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1983 டிசம்பரில் அதை எழுதிய மைக் மூஸ், நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலியைத்தான் பெயராக வைத்தார். விரிவாக்கமெல்லாம் பிறகு வேறு யாரோ ஒட்டியது.

## நேர்ப்பொருளை எடுத்துக்கொள்வது

‘கில்’ என்றால் கொல்வது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது வெறுமனே சிக்னல் அனுப்பும் கருவி. எண் எதுவும் சொல்லாவிட்டால் 15 போகும்: ‘முடித்துக்கொள்’ என்ற வேண்டுகோள். பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், திறந்த கோப்புகளை மூடிவிட்டு மரியாதையாக வெளியேறலாம். 1 அனுப்பினால் பல சர்வர் நிரல்கள் சாகாமல் தங்கள் கான்ஃபிக் கோப்பை மறுபடி படித்துக்கொள்ளும். 0 கொடுத்தால் எந்தச் சிக்னலும் போகாது. அந்த எண்ணில் பிராசஸ் இருக்கிறதா என்று மட்டும் தெரியும். 9 வேறு ரகம். அதைப் பிராசஸ் தடுக்கவும் முடியாது, கேட்டுவிட்டுத் துப்புரவு செய்யவும் முடியாது. சிஸ்டத்தின் மையமான கெர்னல் நேராக முடித்துவிடும். புதியவர்களின் விரல் முதலில் போவது இந்த 9க்குத்தான். பாதி எழுதிய கோப்பும் நீக்கப்படாத லாக் கோப்பும் அப்படித்தான் மிஞ்சுகின்றன.

‘டச்’ என்பதும் இப்படித்தான். காலிக் கோப்பு உருவாக்கும் கருவி என்று பாடமாகிவிட்டது. அதன் வேலை கோப்பின் நேரமுத்திரையை மாற்றுவது. கோப்பு இல்லையென்றால் உருவாக்குவது உபரி.

## விவரம் பார்க்க வெறும் பெயரை அடிப்பது

இதற்குத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

யூனிக்ஸ் வகைச் சிஸ்டமான சோலாரிஸ் ஓடும் ஒரு பழைய சர்வர். யாருடையது என்பது வேண்டாம். லினக்ஸில் நன்றாகத் தேறிய ஒரு தம்பி, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக உள்ளே போயிருந்தார். ஜாவா பிராசஸ் ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது, அதை நிறுத்த வேண்டும். லினக்ஸில் ‘கில்லால்’ என்று அடித்துப் பிராசஸின் பெயரைக் கொடுத்தால் போதும், எண் தேட வேண்டியதில்லை. ஆப்ஷன்கள் இங்கேயும் அதேதானா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. சந்தேகப்பட்டது சரி. அதைத் தீர்த்துக்கொண்ட விதம்தான் சரியில்லை. ‘வெறும் பெயரை அடித்தால் எப்படிப் பயன்படுத்துவது என்று அதுவே சொல்லிவிடும்’ என்று கில்லால் என்று மட்டும் அடித்து என்டர் தட்டினார்.

லினக்ஸில் அப்படிச் செய்தால் ஆப்ஷன் பட்டியல் வரும். இங்கே எதுவும் வரவில்லை. கர்சர் அப்படியே நின்றது. சில நொடிகளில் இணைப்பு அறுந்தது, அப்புறம் ஃபோன்கள் அடிக்க ஆரம்பித்தன.

சோலாரிஸில் அந்தப் பெயரில் இருப்பது வேறு கருவி. சிஸ்டத்தை ஷட்டவுன் செய்யும்போது ஓடிக்கொண்டிருக்கும் எல்லாப் பிராசஸ்களையும் நிறுத்துவதற்காக வைத்தது. பிராசஸ் பெயரை அது கேட்பதே இல்லை. ரூட்டாக வெறும் பெயரை அடித்தாலே முழுக் கட்டளை கொடுத்ததாக அர்த்தம். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் வழியில் வந்த பழைய வழக்கம் இது. லினக்ஸிலும் அதே கருவி ‘கில்லால்5’ என்ற பெயரில் உண்டு. பின்னால் ஓர் எண் ஒட்டியிருப்பதைத் தவிர எச்சரிக்கை எதுவும் கிடையாது.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அந்த விபத்து இல்லை, அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம். ‘சோலாரிஸில் கில்லால் அடிக்கக் கூடாது’ என்று ஒரு வரியை ஆவணத்தில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். நீ யார் என்று ஒரு கருவியைக் கேட்பதற்கு அதையே ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அப்படியேதான் இருந்தது. அதே குழுவில் இன்னொருவர் கிரான்டேபில் மாட்டினார். நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. பல சிஸ்டங்களில் வெறும் ‘கிரான்டேப்’ என்று அடித்தால், புதிய பட்டியலை நீங்கள் தட்டச்சு செய்யப்போகிறீர்கள் என்று நினைத்துக் காத்திருக்கும். திரை சும்மா நிற்கிறதே என்று கன்ட்ரோலும் டி-யும் அழுத்தினால் ‘சரி, காலிப் பட்டியல்’ என்று எடுத்துக்கொண்டு பழையதைத் துடைத்துவிடும். கன்ட்ரோலும் சி-யும் அழுத்தினால் தப்பிக்கலாம். இரண்டையும் ‘வெளியே வரும் விசை’ என்று ஒன்றாக மனப்பாடம் செய்தவருக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

‘அப்படியானால் மைனஸ் எச் போட்டுப் பார்க்கிறேன்’ என்பார்கள். எச் என்றால் ஹெல்ப் என்பது யாரும் போட்ட சட்டம் இல்லை. ‘ஷட்டவுன்’ கட்டளைக்கு எச் கொடுத்துப் பாருங்கள். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் ‘சிஸ்டம்டி’ உள்ள லினக்ஸில் ஒரு நிமிடத்தில் மெஷினை அணைக்க ஏற்பாடு செய்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குள் சி கொடுத்து ரத்து செய்யலாம் என்பது மட்டும் ஆறுதல்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் ஷெல்லை, அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலைக் கேளுங்கள்: ‘டைப்’ என்ற கட்டளைக்கு ஏ ஆப்ஷனும் கருவியின் பெயரும் கொடுத்தால், அந்தப் பெயரில் ஏலியஸ் (மாற்றுப்பெயர்) இருக்கிறதா, ஷெல்லுக்குள்ளேயே கட்டியதா, டிஸ்க்கில் எந்த இடத்தில் உள்ள நிரல் என்று பாஷ் ஷெல் வரிசையாகச் சொல்லும். எதையும் ஓட்டாது. அப்புறம் கருவியின் கையேடான ‘மேன்’ பக்கத்தை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மெஷினில் திறந்து படியுங்கள். இணையத்தில் தேடிப் படித்தால் பெரும்பாலும் லினக்ஸுக்கான பக்கம்தான் முதலில் வரும், அந்தத் தம்பியின் தலையிலும் அதுதானே இருந்தது.

பெயரால் நிறுத்த வேண்டுமென்றால் ‘பிகில்’ இருக்கிறது. சோலாரிஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு முன்னால் அதே பெயரை ‘பிகிரெப்’பிடம், எல் ஆப்ஷனோடு கொடுத்துப் பாருங்கள். எவையெல்லாம் மாட்டப்போகின்றன என்று பட்டியல் வரும். பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலும் போதும் என்பது அதன் விதி, எனவே நினைக்காதவையும் அதில் இருக்கும். இன்னொன்று: கில்லாலில் வி ஆப்ஷன் கொடுத்தால் செய்ததை விளக்கமாகச் சொல்லும். பிகிலில் அதே வி, பொருத்தத்தைத் தலைகீழாக்கும், அதாவது நீங்கள் சொன்னதை விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் தாக்கும். லினக்ஸில் இந்த ஆபத்து தெரிந்தே, பிகிலில் அந்த ஒற்றை எழுத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் அது உயிரோடுதான் இருக்கிறது.

## சொந்த நிரலுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைப்பது

வைக்காதீர்கள். ஷெல்லுக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது, அதுதான் ஓடும். எதையும் அச்சிடாமல் திரும்பிவிடும். உங்கள் நிரலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வரிக்கு வரி பிரிண்ட் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

## ‘யூமவுண்ட்’டில், யூவுக்கு அடுத்து ‘N’ என்ற எழுத்தைத் தேடுவது

இல்லை. டிஸ்க்கைக் கழற்றும் இந்தக் கட்டளையின் பெயர் யூனிக்ஸின் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான்.

## ஒரே சொல், வேறு வேலை

பைத்தான் நிரலின் முதல் வரியில் எந்த மொழி என்று குறிப்பிடாமல் நேராக ஓட்டினால், ஷெல் அதைத் தன் மொழியாகவே படிக்கும். ‘இம்போர்ட் ஓஎஸ்’ என்ற வரி வந்ததும் ‘இம்போர்ட்’ என்ற கருவியைத் தேடும். படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் தொகுப்பை நிறுவிய மெஷினில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, திரையைப் படம் பிடிப்பதற்கு! மவுஸ் குறி கூட்டல் குறியாக மாறி நிற்கும். குழம்பிப்போய் எங்காவது கிளிக் செய்தால் ‘ஓஎஸ்’ என்ற பெயரில் ஒரு படக்கோப்பு உருவாகியிருக்கும். நிரலை எடுத்துக்கொண்டு வந்து ‘மவுஸ் கெட்டுப்போச்சு’ என்பார்கள்.

அதே இமேஜ்மேஜிக்கின் ‘கன்வெர்ட்’ படங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். விண்டோஸின் ‘கன்வெர்ட்’ டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்தையே ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றும். லினக்ஸின் ‘ஃபைண்ட்’ கோப்பைத் தேடும், விண்டோஸின் ‘ஃபைண்ட்’ கோப்புக்குள் இருக்கும் வரியைத் தேடும்.

## டாரில் வரிசையை மாற்றுவது

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ‘டார்’ கட்டளையில், உருவாக்கப்போகும் கோப்பின் பெயர் முதலில். அதை விட்டுவிட்டால் உங்கள் முதல் கோப்பின் மேலேயே எழுதிவிடும், கேட்காது.

## படித்த பெயரையே நிறுவித் தேடுவது

கோப்பை வண்ணத்தில் காட்டும் ‘பேட்’ அருமையான கருவி என்று படித்துவிட்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் நிறுவுவார்கள். அடித்தால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வரும், மறுபடி நிறுவுவார்கள். அந்தப் பெயரை முன்பே வேறொரு தொகுப்பு பிடித்துக்கொண்டதால் டெபியனில் அது ‘பேட்கேட்’. கோப்புகளைத் தேடும் ‘எஃப்டி’யும் இதே காரணத்தால் அங்கே ‘எஃப்டிஃபைண்ட்’. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் கூடத் தப்பவில்லை. ‘நோட்’ என்ற பெயரில் ஹாம் ரேடியோக்காரர்களின் நிரல் ஒன்று முன்பே இருந்ததால், சில ஆண்டுகள் டெபியனில் அதை ‘நோட்ஜேஎஸ்’ என்று முழுதாக அடித்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. மறுபடி மறுபடி நிறுவுவதை விட்டுவிட்டு, தொகுப்புகளை நிர்வகிக்கும் ‘டிபிகேஜி’யிடம் பெரிய எல் ஆப்ஷனையும் தொகுப்பின் பெயரையும் கொடுங்கள். அந்தத் தொகுப்பு எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்திருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் ‘பின்’ ஃபோல்டருக்குள் இருப்பதுதான் நீங்கள் அடிக்க வேண்டிய பெயர்.