பி.பி.யை உட்கார வைத்தே பார்த்து முடித்துவிடுகிறோம்

அவருக்கு வயது 68. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள். "காலையில் எழுந்தால் இவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, டாக்டர். நேற்று குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டார்" என்றார் அவருடைய மனைவி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு பி.பி. பார்த்தேன். 156/90. ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினேன். தலைச்சுற்றலுக்கு எல்லோருக்கும் எழுதும் மாத்திரை ஒன்றையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு வந்தார்.

அன்றைக்குத்தான் அவரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தேன். படுத்திருந்தபோது 162/88, நாடி 84. நின்று ஒரு நிமிடத்தில் 118/70. மூன்றாவது நிமிடத்தில் 104/62, நாடி 88. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கழுத்தும் தோளும் இழுத்துப் பிடிக்கிறது" என்றார். அந்த வலியும், நின்றால் பி.பி. இறங்கிவிடும் இந்த நோயின் அடையாளம்தான். நிற்கும்போது வந்து, படுத்தால் போய்விடும். அதைக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எழுதி, எக்ஸ்ரே எடுத்துப் பல மாதங்கள் ஓட்டியிருப்போம்.

நாம் எழுந்து நின்றதும் ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைவுபடுத்தி, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது தானியங்கு நரம்பு மண்டலம். அது பழுதானால் நின்ற மூன்று நிமிடத்துக்குள் சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 20, அல்லது டயஸ்டாலிக் (கீழ் எண்) 10 இறங்கி, அப்படியே நிற்கும். இந்த அளவுகோல் 1996-இலேயே வகுக்கப்பட்டது. எனக்கும் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கிளினிக்கில் ஒருவரையும் நிற்க வைத்ததில்லை. மற்ற தவறுகள் பலவும் இந்த ஒரு தவறிலிருந்துதான் கிளைக்கின்றன.

நிற்க வைப்பவர்களும் அவசரத்தில் கெடுத்துவிடுவது உண்டு. ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். எழுந்த பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். கையைத் தொங்கவிடாமல் இதயத்தின் மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். தொங்கவிட்டால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி, வீழ்ச்சியை மறைத்துவிடும். விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கூட்டம் நிறைந்த வெளிநோயாளிப் பிரிவில் இதற்கு நேரம் ஏது என்று கேட்பது நியாயம்தான். எல்லோருக்கும் தேவையில்லை. நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள், பார்கின்சன் நோயாளிகள், அடிக்கடி விழும் முதியவர்கள், எழுந்தால் கிறுகிறுக்கிறது என்று சொல்பவர்கள் ஆகியோருக்குச் செய்தால் போதும். செவிலியர் இதை முடித்துத் தருவார். டாக்டர் செய்ய வேண்டியது, அவர் எழுதித் தந்த எண்ணைப் பார்ப்பதுதான்.

அடுத்த தவறு, நாடியை எண்ணாமல் விடுவது. என் நோயாளிக்கு சிஸ்டாலிக் 58 இறங்கியும் நாடி நான்குதான் ஏறியது. உடலில் நீர் வற்றியோ ரத்தம் போயோ அழுத்தம் இறங்கினால் நாடி ஓடும். சிஸ்டாலிக் இறங்கிய அளவில் பாதிக்குக்கூட நாடி ஏறவில்லை என்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நரம்பைச் சந்தேகிக்கும் முன் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது நல்லது. புராஸ்டேட்டுக்கு ஒருவர் எழுதிய டாம்சுலோசின், ரத்த அழுத்தத்துக்கு இன்னொருவர் எழுதிய பிரசோசின், கால் எரிச்சலுக்கு மூன்றாமவர் எழுதிய அமிட்ரிப்டிலின். நின்றால் அழுத்தத்தை இறக்கக்கூடிய இந்த மூன்றும் ஒரே பையில் இருக்கும். மூவருமே சரியாகத்தான் எழுதியிருப்பார்கள்; அந்த மனிதர் மட்டும் விழுந்துகொண்டே இருப்பார்.

இளம்பெண்களிடம் நாம் செய்யும் தவறு என்னை அதிகமாக வருத்துகிறது. 21 வயது மாணவி. நின்றால் படபடப்பு, கை நடுக்கம், மூளை மந்தமாகிப் போன உணர்வு. இ.சி.ஜி. சரி, எக்கோ சரி, பி.பி. சரி. "டென்ஷன்தான் அம்மா, தியானம் செய்யுங்கள்" என்று பலர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படுத்திருந்தபோது அவருடைய நாடி 76. பத்து நிமிடம் நிற்க வைத்தபோது 122. பி.பி. அசையவில்லை. நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30-க்கு மேல், 12 முதல் 19 வயதுக்குள் என்றால் 40-க்கு மேல் ஏறி, அறிகுறிகள் மூன்று மாதங்களாவது நீடித்தால் அது பாட்ஸ் எனப்படும் நோய். 1993-இல் பெயரிடப்பட்டது. மூன்றாவது நிமிடத்திலேயே சோதனையை நிறுத்தினால் சிலருக்கு இது தப்பிவிடும். எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: ரத்தசோகையையும் தைராய்டையும் நீர்ச்சத்துக் குறைவையும் பார்க்காமல் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. அந்தப் பெண்ணுக்குப் பயமும் இருந்தது. எதிரில் இருப்பவர்கள் நம்பவில்லை என்றால் யாருக்குத்தான் வராது?

கேள்வி கேட்கவும் நாம் கூச்சப்படுகிறோம். சிறுநீர் முழுதாகப் போகிறதா, மலச்சிக்கலா, இரவில் வயிற்றுப்போக்கா, ஆண்மைக் குறைவா, சாப்பிடும்போது முகம் மட்டும் வியர்க்கிறதா? இவையும் தானியங்கு நரம்பு பழுதானதன் அடையாளங்கள்தான்; சர்க்கரை நோயாளி இவற்றைத் தானாகச் சொல்லமாட்டார். பாதம் வறண்டு வெடித்திருப்பதைப் பார்த்து களிம்பு எழுதுகிறோம். அங்கே வியர்வை நரம்பு பழுதானதை நினைப்பதில்லை. தொழுநோய்த் தேமல் வியர்க்காது என்று படித்தவர்கள்தானே நாம்? ஓய்வில் இருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டி நின்றால் பதற்றம் என்று தள்ளிவிட வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். அறுவை சிகிச்சைக்குப் போகிறார் என்றால் மயக்க மருந்து நிபுணருக்கு இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு தவறு உயிரையே வாங்கும். முதுகெலும்பு அடிபட்டு, மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர் திடீரென்று மண்டை வெடிக்கும் தலைவலியோடு வருகிறார். முகம் சிவந்து வியர்க்கிறது, பி.பி. 200. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கத்தான் நம் கை போகும். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாயை உடனே பாருங்கள். குழாய் மடங்கியிருக்கும், அல்லது அடைத்திருக்கும். அதை நேராக்கினாலே பல நேரங்களில் அழுத்தம் இறங்கிவிடும். குழாயில் கோளாறு இல்லை என்றால் மலக்குடல் அடைப்பு, படுக்கைப் புண் என்று தேடிப் போக வேண்டும். இவர்களுக்கு இயல்பான சிஸ்டாலிக்கே 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால் 140 என்பதைக்கூட "பரவாயில்லை" என்று விட்டுவிட முடியாது.

மீண்டும் என் நோயாளிக்கு வருகிறேன். கூட்டிய மாத்திரையைக் குறைத்தேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னேன்; படுத்தால் இவர்களுக்கு அழுத்தம் ஏறிவிடும், தட்டையாகப் படுக்கக் கூடாது. காலையில் எழும் முன் அரை லிட்டர் தண்ணீரை விறுவிறுவென்று குடிக்கச் சொன்னேன். வயிறு முட்டச் சோறு சாப்பிட்டாலும் அழுத்தம் இறங்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடச் சொன்னேன். பிறகு அழுத்தத்தை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரை தேவைப்பட்டது. கடைசி வேளையைப் படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும் என்று அவர் மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். "மாலைக்கு மேல் கொடுக்கமாட்டேன், டாக்டர்" என்று சீட்டின் பின்புறம் தன் கையால் எழுதிக்கொண்டார்.

இப்போது எங்கள் கிளினிக்கில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறோம். கேஸ் ஷீட்டில் குத்தினால் மூன்று வரி விழும்: படுத்து, நின்று 1 நிமிடம், நின்று 3 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பி.பி.க்கு ஒரு கட்டம், நாடிக்கு ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் செவிலியர் சீட்டை என் மேசைக்கு அனுப்புவதில்லை.