ஜப்பான் கிராமத்தில் தங்கப் போகிறீர்களா? மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்

போன ஜனவரியில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் வந்தது. "அண்ணா, குழாயில சொட்டு சொட்டாத்தான் தண்ணி வருது. ஆனா வெளிய மீட்டர் விடாம சுத்துது." பக்கத்து ஊர்த் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த தம்பி. அவனுக்கு அது முதல் குளிர்காலம். பொங்கலுக்கு நான்கு நாள் டோக்கியோ போய் நண்பர்களோடு இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

"கிளம்பும்போது மெயினை அணைச்சியா?"

"ஆமாண்ணா. வீட்டைப் பூட்டிட்டுப் போனா மெயினை அணைச்சிடுன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க."

என் அம்மாவும் அதைத்தான் சொல்வார். ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே மாதத்தில், இதே தவறை நானும் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். செருப்பைக் கழற்றுவது, குளியல் தொட்டிக்குள் சோப்பு போடாமல் இருப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பணமும் மன நிம்மதியும் போகிற விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மெயின் ஸ்விட்சும் உறையும் குழாயும்

நான் இருப்பது நகானோ மாகாணத்தில், சுவா ஏரிக்குப் பக்கத்தில். ஏரியே கடல் மட்டத்துக்கு 759 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி குறைவு, குளிர் அதிகம். ஜனவரி இரவுகளில் மைனஸ் பத்தைத் தொடும். பக்கத்தில் சினோ என்று ஓர் ஊர். நாம் சைனா கிராஸ், கடல்பாசி என்று வாங்குவோமே, அந்த அகர் கட்டிகளை அங்கே குளிர்காலத்தில் வெட்டவெளியில் பரப்பி வைக்கிறார்கள். இரவில் உறையும், பகலில் இளகும், நீர் வடியும். பல நாள் இப்படியே போய்க் கட்டி காய்ந்துவிடும். அதே இரவுக் குளிர்தான் உங்கள் வீட்டுக் குழாய்க்குள்ளும் இறங்குகிறது.

கிராமத்தில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ விட்டுப்போன பழைய மர வீடுகள். 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. வாடகை குறைவு என்று நாம் மகிழ்ந்து போய்விடுகிறோம். தரைப் பலகைக்குக் கீழே காற்று புகுந்து ஓடும், அந்தக் காற்றில்தான் குழாய்களும் போகின்றன என்பது அப்போது கண்ணில் படாது.

அந்தக் குழாய்களைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். மின்சாரம் ஓடிக் குழாயை இதமாக வைத்திருக்கும் பட்டை அது. அதன் பிளக்கில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். வெளிச்சுவரில் மாட்டிய கேஸ் கீசருக்குள்ளும் உறையாமல் காக்கும் ஹீட்டர் உண்டு. மெயினை அணைத்தால் இரண்டும் செத்துவிடும். மைனஸ் நான்குக்குக் கீழே போனாலே குழாய் ஆபத்தில் இருக்கிறது என்பது இங்கே எல்லோரும் அறிந்த கணக்கு. தண்ணீர் உறையும்போது விரிகிறது, குழாய் வெடிக்கிறது. வெடித்தது உடனே தெரியாது. நீங்கள் திரும்பி வந்து, பனிக்கட்டி இளகி, சுவருக்குள் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும்போதுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்தது காலில். முன்னறையில் வைத்த முதல் அடியிலேயே சாக்ஸ் நனைந்தது. ததாமிப் பாய் நீரை உறிஞ்சி, பசுந்தீவனம் ஊறிய வாடை அடித்தது. கீசர் மாற்றி, சுவரைப் பிரித்துக் குழாய் போட்டு, ஆறு பாய்கள் மாற்றியதில் மூன்று லட்சம் யென்னுக்கு மேல் போனது. வாடகைக்கு இருப்பவரின் கவனக்குறைவு என்றால் செலவு அவருடையது. வீட்டுக்காரர் சொன்னதில் தப்பில்லை. நான்கு நாள் மெயினை அணைத்ததில் மிச்சமானது சில நூறு யென். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நாள் கணக்கில் வெளியூர் போவதானால் செய்ய வேண்டியது 'மிஸுநுகி', அதாவது குழாயிலிருக்கும் தண்ணீரை வடித்துவிடுவது. சமையலறைத் தரையிலோ வாசலோரப் பெட்டியிலோ அதற்கொரு திருகு இருக்கும். இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கிறது, அந்தத் தம்பியும் அதைச் செய்திருந்தான். திருகை மூடினான், ஆனால் வீட்டுக் குழாய்களைத் திறக்கவில்லை. காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் கீழே இறங்கும். ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருப்பது நிற்கிறதல்லவா, அதே கதைதான். திருகை மூடியபின் வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும், சுடுநீர், குளிர்நீர், ஷவர் என்று ஒன்று விடாமல் திறந்து வையுங்கள். கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, கழிப்பறைப் பீங்கானில் உறையா திரவம் ஊற்றுங்கள். கீசருக்குத் தனி வடிகால் அடைப்பான் உண்டு. இத்தனையும் செய்தாலும் மெயினை மட்டும் அணைக்காதீர்கள்.

சாவி வாங்குகிற அன்றே அந்தத் திருகு எங்கே என்று வீட்டுக்காரரைக் கேட்டு, அவர் கையால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டையின் பிளக்கை வசந்தத்தில் பிடுங்கிவைப்பவர்கள் நவம்பர் பிறந்ததும் மறுபடி சொருக வேண்டும். உறைந்துபோன குழாய்மேல் கொதிநீரை ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். துணியைச் சுற்றி வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றினால் போதும்.

மிக்ஸி

தூக்கி வராதீர்கள். இங்கே 100 வோல்ட்.

மாத்திரைகள்

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒரு மாதத் தேவைக்கு மேல் கொண்டுவர முன் அனுமதிச் சான்று வேண்டும். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளுக்கு அனுமதியே கிடையாது. ஊரில் சளிக்குச் சாதாரணமாகப் போடுகிற மாத்திரையின் அட்டையையும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள்.

ஓட்டுநர் உரிமம்

கார் இல்லாமல் கிராமத்தில் அரிசி வாங்குவதே பெரும்பாடு. பன்னாட்டு உரிமத்தை வைத்து, வந்து இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருஷம்தான் ஓட்டலாம். பிறகு ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டும். இந்திய உரிமம் வைத்திருப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வும் உண்டு, ஓட்டிக் காட்டவும் வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், 45 சரியாக இருக்க வேண்டும். பலர் மாட்டுவது வேறு இடத்தில். உரிமம் எடுத்தபின் மொத்தம் மூன்று மாதமாவது அதைக் கொடுத்த நாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். விசா வந்தபிறகு அவசரமாக உரிமம் எடுத்து அடுத்த மாதமே விமானம் ஏறுகிறவர்களுக்கு இங்கே வழியில்லை. காலாவதியான பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துவாருங்கள், அந்த முத்திரைகள்தான் சாட்சி.

முகவரிப் பதிவு

குடியேறிய 14 நாளுக்குள் ஊர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை

வாய்க்கால் தூர்வார, புல் வெட்ட என்று ஊரே ஒன்றுகூடும். வீட்டுக்கொருவர் போக வேண்டும், சில ஊர்களில் வராதவர்கள் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டிவிட்டால் முடிந்தது என்று நம் ஆட்கள் சிலர் தூங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் வீட்டுக் குழாய் வெடித்த ராத்திரி, தெருவில் மூடியைத் திறந்து மெயின் வால்வை அடைத்தவர் எதிர்வீட்டுத் தாத்தா. அதற்கு ஆறு மாதம் முன்பு வாய்க்கால் ஓரத்தில் என் கையில் அரிவாளைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தியவரும் அவர்தான். ஜப்பானிய மொழி வராவிட்டாலும் கையுறை போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள்.

ஊர் ஒலிபெருக்கி

பல கிராமங்களில் பேரிடர் அறிவிப்புக்கு ஒலிபெருக்கி உண்டு, வீட்டுக்குள்ளும் ஒரு பெட்டியைக் கொடுப்பார்கள். விடிகாலையில் சத்தம் போடுகிறது, ஒன்றும் புரியவில்லை என்று அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். தம்பியின் வீட்டிலும் அந்தப் பெட்டி அலமாரிக்குள்தான் கிடந்தது. முதல் வாரமே மூன்று சொற்களையாவது காதுக்குப் பழக்குங்கள். 'தன்சுய்' என்றால் தண்ணீர் நிறுத்தம். 'குமா' என்றால் கரடி. 'தோகெத்சு' என்று கேட்டால் அன்றிரவு குழாய் உறையும்.