ஆட்டிசமும் ஆக்சிடோசினும்: டெஸ்டுக்கும் ஸ்பிரேக்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

"பிள்ளைக்கு அன்பு ஹார்மோன் கம்மி, மூக்கில் ஸ்பிரே அடித்தால் பழக ஆரம்பித்துவிடும்" என்று யாராவது சொன்னால், உடனே பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அந்த 'அன்பு ஹார்மோன்'தான் ஆக்சிடோசின். புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் 9 கோத்த சின்னச் சங்கிலி அது. அதன் கூடப்பிறப்பு வாசோபிரசின் என்ற இன்னொரு ஹார்மோன். இரண்டே அமினோ அமிலங்கள்தான் வேறு. இரண்டும் மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உருவாகின்றன, மனிதர்களோடு ஒட்டிப் பழகுவதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. அதற்காக, ஆக்சிடோசின் குறைந்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. 2014இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள குழந்தைகள், அவர்களின் உடன்பிறந்தோர், மற்றக் குழந்தைகள் என்று மூன்று தரப்பின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். எல்லாத் தரப்பிலும் கூடுதலும் இருந்தது, குறைவும் இருந்தது. ஆட்டிசத்துக்கென்று தனிக் குறைவு தெரியவில்லை.

ரத்த டெஸ்ட் வேண்டாம் என்றே சொல்வோம். ரத்தத்தில் ஆக்சிடோசின் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும். மாதிரியை எடுத்த கையோடு ஐஸில் வைத்து, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் குளிர்ந்த கருவியில் (சென்ட்ரிஃபியூஜ்) பிரித்து, உறைய வைக்க வேண்டும். மேசையில் கிடந்தால் எண் மாறிவிடும். அளக்கும் முன் மாதிரியைச் சுத்திகரிக்கும் லேபுக்கும் அப்படிச் செய்யாத லேபுக்கும் முடிவு பல மடங்கு வேறுபடும். எல்லாம் சரியாக நடந்தாலும், ரத்தத்தில் உள்ள அளவு மூளைக்குள் நடப்பதைக் காட்டாது. அந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய வழியில்லை.

ஸ்பிரேக்கு வருவோம். 2017இல் 32 குழந்தைகளிடம் 4 வாரம் நடந்த சிறு சோதனையில் பழகும் திறன் ஓரளவு கூடியது. ஆனால் 2021இல் வெளிவந்த பெரிய சோதனையில் 3 முதல் 17 வயது வரை 290 பேர், 24 வாரம். மருந்துக்கும், மருந்தே இல்லாத போலி ஸ்பிரேக்கும் வித்தியாசம் இல்லை. ஒதுங்கியிருக்கும் தன்மையை அளக்கும் மதிப்பெண் மருந்து எடுத்தவர்களுக்கு 3.7 குறைந்தது, போலி எடுத்தவர்களுக்கு 3.5. அதாவது வெறும் ஸ்பிரே அடித்த பெற்றோருக்கும் பிள்ளை தேறியதாகவே தெரிந்தது. "எங்கள் பையனுக்குக் கேட்டது" என்ற சாட்சியங்களைப் படிக்கும்போது இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள்.

முறையான ஆய்வில் சேர்ந்திருந்தால், ஸ்பிரே அடிக்கும் விதம் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்தவிடுங்கள். சளி அடைத்திருந்தால் மருந்து ஏறாது. தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து தொண்டையில் இறங்கி, வயிற்றில் செரித்து வீணாகும். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், தலைவலி, சோர்வு தெரிந்தால் அன்றே ஆய்வு மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் படுக்கையை நனைப்பதற்காக டெஸ்மோபிரசின் கொடுக்கிறீர்களா? அதுவும் வாசோபிரசின் குடும்பம்தான். உடலில் நீர் தேங்கி உப்பு குறையலாம் என்பதால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எந்தச் சிகிச்சையானாலும், பலன் தெரிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். தொடங்கும் முன் 2 வாரம் குறிப்பு எழுதுங்கள். "நன்றாகப் பழகினான்" என்று எழுதினால் பயனில்லை. "சாப்பாட்டு நேரத்தில் பெயர் சொல்லி 5 முறை கூப்பிட்டேன், 2 முறை திரும்பினான்" என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம். அந்தச் சமயத்தில் புதிய பள்ளி, புதிய தெரபி எதையும் தொடங்காதீர்கள். எதனால் மாற்றம் வந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது. சிகிச்சை நடப்பதே தெரியாத ஆசிரியர் ஒருவரையும் எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது.

ஹார்மோன் வழியில் ஓரளவு நம்பிக்கையான ஆதாரம் உள்ளது தூக்கத்துக்கு, அதாவது தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனுக்கு. தூங்காத பிள்ளை மறுநாள் யாரோடும் ஒட்டாது என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். முதலில் படுக்கை நேரத்தை ஒரே மாதிரி வைத்து, திரையை அணைத்துப் பாருங்கள். அதில் சரியாகாவிட்டால் மருத்துவர் வழக்கமாக 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்குவார், படுக்கப் போவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. படுக்க வைத்த பிறகு கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். பிள்ளை சீக்கிரம் தூங்கி, நடு இரவில் எழுந்து உட்கார்ந்துவிடும்.