பின் சீட்டிலிருந்து பார்த்து வண்டி தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அவர், பின்னால் உட்காருவது நான். 16 வருடமாக இதுதான் ஏற்பாடு. இரண்டு பேர் மூட்டை முடிச்சோடு நாள்கணக்கில் போக எந்த வண்டி வாங்கலாம் என்று தேடினால், கிடைப்பதெல்லாம் ஓட்டுகிறவர் எழுதியதாகவே இருக்கிறது. எத்தனை குதிரைத்திறன், எத்தனை வேகம் என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். இரண்டாவது மணி நேரத்தில் யாருக்குக் கால் மரத்துப் போகிறது என்பது மட்டும் வராது. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

முதல் வண்டியைத் தப்பாகத்தான் வாங்கினோம். ஷோரூமில் அவர் மட்டும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், சிரித்துக்கொண்டே இறங்கினார், முன்பணம் கட்டியாயிற்று. பின் சீட் என்று அதில் இருந்தது முன்பக்கம் சரிந்த ஒரு துண்டு. அவர் பிரேக் பிடிக்கும் போதெல்லாம் நான் வழுக்கிப் போய் அவர் முதுகில் சாய்வேன், ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டொக்கென்று முட்டும். அந்த வண்டியில் போன முதல் நீண்ட பயணத்தில் 80 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் சொல்லவும் தெம்பில்லாமல் முதுகில் தட்ட ஆரம்பித்தேன்.

அடுத்த வண்டிக்கு நோட்டும் பேனாவுமாகப் போனேன்.

முதலில் போட வேண்டியது ஒரு கழித்தல் கணக்கு. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் எடையோடு ஆளும் சாமானும் சேர்த்து மொத்தம் எவ்வளவு எடை போகலாம் என்று ஒரு வரம்பு உண்டு, கையேட்டில் போட்டிருப்பார்கள். அதிலிருந்து பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றிய வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நமக்கு. பெட்ரோல் இல்லாத எடையை அச்சடித்து ஏமாற்றுகிற விளம்பரங்களும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ, 20 லிட்டர் டேங்க் என்றால் அதிலேயே 15 கிலோ போய்விடும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். அவர் 82, நான் 64. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் ஆளுக்கு 7 கிலோ என்று வைத்தால் 14. ஆக 160. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைடு பாக்ஸ், சீட்டுக்குப் பின்னால் ஒரு டாப் பாக்ஸ் என மூன்று பெட்டிகளும் அவற்றை மாட்டும் கம்பிச் சட்டமும் காலியாகவே 18 கிலோ. இப்போதே 178 ஆகிவிட்டது, ஒரு துணிகூட இன்னும் உள்ளே வைக்கவில்லை! 180 கிலோ தாங்கும் வண்டியென்றால் எங்களுக்கு மிச்சம் இரண்டு கிலோதான். பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். வண்டியின் எடை 249 கிலோ, மொத்த வரம்பு 465. கழித்தால் 216, எங்களுக்கு 38 கிலோ மிஞ்சும். வண்டி பெரிதாக இருந்தால் அதிகம் தாங்கும் என்று நினைக்காதீர்கள். வண்டியே கனமாக இருந்தால் வரம்பில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். கழித்துப் பார்த்த பிறகுதான் எங்கள் பட்டியலில் இருந்த ஆறு வண்டிகளில் மூன்று அடிபட்டுப் போயின.

அப்புறம் பின் சீட். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மெத்தென்று இருக்கிறதா என்று கையால் அமுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஐந்து நிமிடத்தில் சுகமாக இருக்கும் மெத்தை ஒரு மணி நேரத்தில் அமுங்கி, அடியில் இருக்கும் பலகை தொடையில் தட்டுப்படும். பார்க்க வேண்டியது அகலமும் மட்டமும். பின்னால் உட்காருகிறவர் பயணத்துக்குப் போடும் அதே உடையில், அதே பூட்ஸில், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி 15 நிமிடம் உட்காரட்டும். ஓட்டுகிறவரும் முன்னால் உட்கார வேண்டும். முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இடைவெளி குறைந்தால் குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எனக்கு வலது முட்டி கொஞ்சம் தகராறு. அதனால் ஒரு வண்டியில் ஏறிய பத்தாவது நிமிடமே வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். அவருக்கு அந்த வண்டியின் மேல் ஒரு கண், இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

பெட்டிகளை மாட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. சைடு பாக்ஸ் வந்ததும் குதிகால் வைக்க இடமில்லாமல் போகலாம், கெண்டைக்கால் பெட்டியின் விளிம்பில் உரசலாம். டாப் பாக்ஸ் மாட்டினால் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க விரல் நுழையாத வண்டிகளும் உண்டு. கைப்பிடி தொடைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. முதுகுக்குப் பின்னால் இருந்தால் கையைப் பின்னால் வளைத்தே போக வேண்டும், பிரேக் பிடிக்கும்போது அதில் பலம் கொடுக்க முடியாது. சைலன்சர் எந்தப் பக்கம், பூட்ஸ் அதில் படுகிறதா என்றும் பாருங்கள்.

காற்று விஷயம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பின்னால் இருப்பவர் பெரும்பாலும் சற்று உயரத்தில் உட்காருகிறார். முன்கண்ணாடி ஓட்டுகிறவருக்கு நல்ல மறைவாக இருக்கும், அதைத் தாண்டி வரும் சுழல்காற்று நேராக என் ஹெல்மெட்டில் அடிக்கும். தலை ஆடிக்கொண்டே போனால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து போய்விடும். உயரம் மாற்றக்கூடிய கண்ணாடியாக இருந்தால் இதை ஓரளவு சரிசெய்யலாம். ஹோண்டாவின் கோல்ட் விங் இன்று சொகுசுப் பயணத்துக்குப் பெயர் போனது. ஆனால் 1975இல் வந்த முதல் கோல்ட் விங்கில் காற்றுத் தடுப்பும் கிடையாது, பெட்டியும் கிடையாது. இரண்டையும் கம்பெனியே பொருத்திக் கொடுத்த இன்டர்ஸ்டேட் மாடல் 1980இல்தான் வந்தது.

ஷோரூமில் யாரும் பேசாத ஒன்று பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடு, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது. தனியாளுக்கு வைத்த அளவிலேயே இரண்டு பேரும் பெட்டிகளும் ஏறினால் வண்டி பின்னால் அமுங்கி, முன்னால் தூக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கனமில்லாமல் மிதக்கும், ஹெட்லைட் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக என் இடுப்புக்கு வரும். பிரீலோடை ஏற்றினால் இது பெருமளவு சரியாகும். ஆளும் சாமானும் ஏறியதும் பின்பக்கம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்கினால் போதும் என்பது பொதுவான கணக்கு. பக்கவாட்டில் கையால் திருகும் குமிழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கொக்கி ஸ்பேனர் போட்டு அடியில் திருக வேண்டிய வண்டியாக இருந்தால் நிச்சயம் சோம்பல் வந்துவிடும், எங்களுக்கு வந்தது. டயர் காற்றும் அதே மாதிரிதான். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், கிளம்பும் முன் டயர் சூடாகாத போது அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள்ளேயே எடை வரம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டாப் பாக்ஸுக்கு அது நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். பின் சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் தொங்குகிற எடை அது, வேகத்தில் வண்டியை ஆட்டிவிடும். கனமான சாமான் சைடு பாக்ஸின் அடியில், மழைக்கோட்டும் துண்டும் மேலே. முதுகு சாய டாப் பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்பது உண்மைதான், அதற்காக அதில் செங்கல் மாதிரி அடைக்க வேண்டாம்.

எஞ்சினைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. குறைந்த சுழற்சியிலேயே இழுக்கிற எஞ்சினாக இருக்கட்டும், ஏற்றத்தில் அவர் கியரை மாற்றி மாற்றி என்னை முன்னும் பின்னும் ஆட்டாமல் இருப்பார். வழக்கமாகப் போகும் வேகத்தில் ஃபுட்ரெஸ்டில் அதிர்வு வருகிறதா என்று மட்டும் பாதத்தால் கவனியுங்கள்.

கடைசியாக ஏறி இறங்கிப் பாருங்கள். பெட்டிகள் மாட்டிய பிறகு காலை எங்கே தூக்கிப் போடுவது? நான் இடது ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, அவர் தோளைப் பிடித்து எழும்பித்தான் ஏறுவேன். அந்த நேரத்தில் என் எடை முழுக்க ஒரு பக்கம். அவருடைய இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிந்தால்தான் வண்டி நிற்கும். நுனிக்காலில் நின்று தாங்கிக்கொள்வேன் என்று அவர் சொன்ன ஒரு வண்டியை ஷோரூம் வாசலிலேயே இருவருமாகச் சேர்ந்து மெதுவாகப் படுக்க வைத்தோம். நல்ல வேளை, கீறல் மட்டும்தான். அதற்குப் பணம் கட்டிவிட்டு, அடுத்த வண்டியில் ஏறும் முன் அவரை முதலில் உட்காரச் சொல்லி, குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தேன்.