சைவச் சாப்பாட்டில் புரதம் போதுமா? மளிகைச் சீட்டை வைத்தே கணக்குப் போடலாம்

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ துவரம்பருப்பு தாராளமாகத்தான் தெரியும். அதை 30 நாளுக்கும் நாலு பேருக்கும் பிரித்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். அதில் கிடைக்கும் புரதம் ஐந்தரை கிராம்கூட இல்லை. ரேஷன் கடையில் கார்டுக்குக் கிடைக்கும் 1 கிலோவை மட்டும் நம்பினால், அது 2 கிராமுக்கும் கீழே. அதனால் புரதக் கணக்கை மளிகைச் சீட்டிலிருந்து போடுவதே சுலபம்.

எவ்வளவு தேவை?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அது தரமான புரதத்துக்கான கணக்கு. அரிசியும் கோதுமையுமே பெரும்பங்காக உள்ள சாப்பாட்டுக்கு கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 55 கிலோ எடை என்றால் 55 கிராம். உடல் பருமன் உள்ளவர்கள் தங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் சுமார் 17 கிராமும் கூடுதலாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுடைய மருத்துவர் சொன்ன அளவுதான்.

எதில் எவ்வளவு இருக்கிறது?

சமைக்காத 100 கிராமில் உள்ள புரதம், ஏறக்குறைய:

துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கொள்ளு: 22 கிராம்
பாசிப்பருப்பு, உளுந்து, வேர்க்கடலை: 23–24
கொண்டைக்கடலை: 19
மீல்மேக்கர்: 52
பனீர்: 19
கோதுமை மாவு: பத்தரை
அரிசி: 8
தயிர்: 3

கேழ்வரகில் 7 கிராம்தான், அரிசியைவிடக் குறைவு. அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது. ஊறவைத்த ஐந்து பாதாமில் 1 கிராம் வந்தால் அதிகம். அந்தக் காசுக்கு ஒரு பெரிய கை வேர்க்கடலை வாங்கலாம்.

கணக்கு தவறுவது பெரும்பாலும் வெந்த பருப்பில்தான். 30 கிராம் துவரம்பருப்பு வெந்தால் 80, 90 கிராம் ஆகிவிடும். ஏறிய எடையெல்லாம் தண்ணீர். 'நூறு கிராம் பருப்பு சாப்பிட்டேன், 22 கிராம் புரதம்' என்று நினைப்பவருக்கு உண்மையில் கிடைத்தது 7 அல்லது 8. வீட்டில் பருப்பு அளக்கும் டம்ளரை ஒரே ஒரு முறை தராசில் நிறுத்து, எத்தனை கிராம் பிடிக்கிறது என்று டப்பாமேல் எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு நிறுக்க வேண்டியதே இல்லை.

சாம்பாரையும் இப்படிப் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு 100 கிராம் பருப்பில் வைத்த சாம்பார் இரண்டு வேளைக்கு ஓடினால், வேளைக்கு ஆளுக்கு 12 கிராம் பருப்புதான். இரண்டு கரண்டி கூட ஊற்றிக்கொண்டாலும் புளித்தண்ணீர்தான் கூடும். ரசத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. குழந்தைக்குப் பருப்பை வடித்துவிட்டுத் தெளிந்த தண்ணீரை மட்டும் ஊட்டுவது இன்னும் மோசம். பருப்பையே குழைய மசித்துக் கொடுக்க வேண்டும்.

55 கிராம் வருகிற ஒரு நாள்

காலையில் நாலு இட்லி (7 கிராம்), 20 கிராம் பருப்பு விழுந்த சாம்பார் (4), வேர்க்கடலைச் சட்னி (3). மதியம் 100 கிராம் அரிசிச் சோறு (8), 30 கிராம் பருப்பு போட்ட கெட்டிக் கூட்டு (6), கீரைப் பொரியல் (2), 150 கிராம் தயிர் (கிட்டத்தட்ட 5). சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (7). இரவு 50 கிராம் அரிசியும் 40 கிராம் பருப்புகளும் அரைத்த அடை (13). மொத்தம் 55. இதில் சுண்டலையும் அடையையும் எடுத்துவிட்டு, டீயும் பிஸ்கட்டும், ரவை உப்புமாவும் வைத்தால் 45-ஐத் தாண்டுவதே கஷ்டம்.

புரதம் அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய, ஆனால் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு. இட்லி, பொங்கல், அடை எல்லாவற்றிலும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. இரண்டும் ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதில்லை, அன்றைக்குள் சாப்பிட்டால் போதும். பொங்கலில் மட்டும் அளவைப் பாருங்கள்: இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப்பருப்பு இருக்க வேண்டும். நெய்யில் புரதம் இல்லை.

வீகனாக (பால், தயிர், நெய்கூடச் சேர்க்காமல்) இருப்பவர்கள்

தயிரை நிறுத்தினால் போகிற 5 கிராமை 20 கிராம் வேர்க்கடலை அல்லது 10 கிராம் மீல்மேக்கர் ஈடுகட்டும். சோயா பால் பசும்பாலுக்குச் சமமாக நிற்கும். பாதாம் பாலும் தேங்காய்ப்பாலும் அந்த இடத்துக்கு வராது. செடிகொடிகளிலிருந்து நம்பும்படி கிடைக்காத வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும்.

வயிறு ஒத்துழைக்க

பலர் பருப்பைக் குறைப்பது வாயுத் தொல்லைக்குப் பயந்துதான். கடலை, பயறு வகைகளை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முதல் வாரம் 20 கிராம் போதும், பிறகு கூட்டலாம். பாசிப்பருப்பில் தொடங்குவது நல்லது. பருப்பு வேகவில்லை என்றால் அது பழைய சரக்காக இருக்கும், இல்லை போர் தண்ணீரின் கடினத்தன்மை. குடிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான் சேர வேண்டும், முன்பே போட்டால் விறைத்துக்கொள்ளும். ஆப்பச் சோடா சேர்த்தால் சீக்கிரம் வேகும், ஆனால் தயமின் என்ற வைட்டமின் அழியும். ராஜ்மாவை மட்டும் அரைவேக்காடாக இறக்கவே கூடாது, அதில் உள்ள நச்சுப்பொருள் நன்றாகக் கொதித்தால்தான் போகும். முளைகட்டினால் புரதம் கூடுவதில்லை. செரிப்பது சுலபமாகும், அவ்வளவே.

வயதானவர்களின் இரவுச் சாப்பாட்டையும் கவனியுங்கள். கஞ்சியும் இடியாப்பமும் மெல்ல எளிது, புரதம் சொற்பம். கஞ்சி காய்ச்சும்போதே அரிசியில் பாதியளவு பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழையவிடலாம். பருகும்போது 20 கிராம் பொட்டுக்கடலை மாவைக் கலந்தால் இன்னும் 4 கிராம் சேரும்.