திப்ருகரையும் துவாரகையையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசாமில் பிரம்மபுத்திராவின் தென்கரையில் உள்ள திப்ருகரிலும், குஜராத்தில் அரபிக்கடலோரம் உள்ள துவாரகையிலும் சுவர்க் கடிகாரம் காட்டும் மணி ஒன்றுதான். 1906 முதல் நடைமுறையில் உள்ள இந்தியத் திட்ட நேரம், மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. மணி ஒன்று என்பதால் பொழுதும் ஒன்று எனக் கொள்வதே இவ்வூர்களை ஒப்பிடுவோர் செய்யும் முதல் தவறு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 26 பாகை தீர்க்கரேகை வேறுபாடு உள்ளது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 104 நிமிடம், நம் பழைய கணக்கில் நான்கு நாழிகைக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் போடுபவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். 104 நிமிட வேறுபாடு ஆண்டு முழுவதும் காலையிலும் மாலையிலும் மாறாமல் இருக்கும் என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். திப்ருகர் துவாரகையைவிடக் கிழக்கே இருப்பதோடு, சுமார் 5 பாகை வடக்கேயும் இருப்பதால், அங்கே கோடைப் பகல் சற்று நீண்டும் குளிர்காலப் பகல் சற்றுக் குறுகியும் அமைகிறது. ஜூன் பிற்பகுதியில் திப்ருகரில் சூரியன் காலை 4.15 மணியளவில் உதிக்க, துவாரகையில் 6.10 ஆகிவிடும், அதாவது, ஏறக்குறைய இரண்டு மணி நேர வேறுபாடு. டிசம்பர் பிற்பகுதியிலோ உதயங்கள் சுமார் 6 மணிக்கும் 7.30 மணிக்கும் நிகழ்வதால் காலை வேறுபாடு ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கி, மாலை வேறுபாடு விரிகிறது: திப்ருகரில் 4.20க்கே பொழுது சாய்ந்துவிட, துவாரகையில் 6.15 வரை வெளிச்சம் இருக்கும். எனவே, மாதத்தைக் குறிப்பிடாமல் இவ்வூர்களின் பொழுதை ஒப்பிடுவதில் பொருளில்லை.

அசாமின் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் 'பகான் டைம்', அதாவது தோட்ட நேரம், இன்னொரு குழப்பத்துக்கு இடமளிக்கிறது. பகல் வெளிச்சத்தை வீணாக்காமல் வேலை வாங்குவதற்காக ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்த இந்த நேரம், திட்ட நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. தோட்டத்தில் காலை 8 மணி என்றால் வெளியே 7 மணிதான். கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறி, வேலை தொடங்கி வெகுநேரம் கழித்துப் போய் நிற்பது எளிது. இதை அசாம் மாநிலம் முழுமைக்குமான நேரம் என்று எழுதுவதும் பிழை. ரயில், வங்கி, அரசு அலுவலகம் எல்லாம் திட்ட நேரத்தில்தான் இயங்குகின்றன. நாட்டை இரண்டு நேர மண்டலங்களாகப் பிரிக்கலாம் என்று தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 2018இல் முன்வைத்த யோசனையும் செயலுக்கு வரவில்லை.

என் பார்வையில் இவற்றையெல்லாம்விட மோசமான தவறு, கடிகாரத்தை வைத்து ஊராரின் குணத்தை எடைபோடுவது. டிசம்பரில் மாலை ஐந்தரைக்குத் திப்ருகரின் கடைவீதியில் நடப்பவர் இருட்டைக் கண்டு இது சீக்கிரம் தூங்கிவிடும் ஊர் என்றும், துவாரகையில் காலை ஏழு மணிக்கும் விடியாததைப் பார்ப்பவர் இது சோம்பலான ஊர் என்றும் முடிவுகட்டிவிடலாம். உண்மையில் முன்னவர் பார்ப்பது சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேலான பொழுதை. பின்னவர் பார்ப்பது உதயத்துக்கு முந்தைய அரைமணியை. ஊரின் தன்மையைத் திப்ருகரில் தேயிலையிலும் ஆற்றிலும், 1950 நிலநடுக்கத்துக்குப் பின் அந்த ஆறு அரித்துச் சென்ற கரையிலும் தேட வேண்டும்; துவாரகையில் கடலிலும் துவாரகாதீசர் கோயிலை நாடி வரும் யாத்திரிகர் கூட்டத்திலும் தேட வேண்டும்.

பயணத் திட்டம் வகுப்பவர்கள் உதய, அஸ்தமன நேரங்களை ஊர்வாரியாகவும் தேதிவாரியாகவும் பார்த்துக்கொள்வது நல்லது. டிசம்பரில் திப்ருகர் அருகேயுள்ள போகிபீல் பாலத்தின் மேலிருந்து பிரம்மபுத்திராவில் சூரியன் இறங்குவதைக் காண விரும்புபவர் நான்கு மணிக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். துவாரகைக் கடற்கரையில் அதே காட்சிக்கு, மாலைத் தேநீரை முடித்துவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினாலும் போதும்.