மீஞ்சூர் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடிக்கும் முன்

மணலி தாண்டி மீஞ்சூர், பொன்னேரி பக்கம் குத்தகைக்கு நிலம் பிடிப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போடவேண்டும்; ஒருவர் விட்டாலும் அறுவடை நேரத்தில் வம்பு வரும்.

கிணற்று நீரை அவசியம் சோதியுங்கள். இந்த வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. உப்பு நீர் பாய்ந்த மண்ணைப் பசுந்தாள் உரம், தொழு உரம் போட்டுத் தேற்றச் சில போகமாவது பிடிக்கும். ஒரு வருட வாய்ப்பேச்சுக் குத்தகையில் அந்தச் செலவை யார் செய்வார்கள்? நிலம்தான் கெடும். ஐந்து வருடமாவது எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள்.

பிறகு, தமிழ்நாட்டின் 1969 விவசாய நிலக் குத்தகை உரிமைச் சட்டப்படி, குத்தகைதாரர் பெயரைப் பதியும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கத் தாசில்தாரிடம் மனு கொடுங்கள். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்ட விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல் இல்லாவிட்டால் பயிர்க் காப்பீடு கிடைப்பது கஷ்டம்.